வந்துகொண்டிருக்கும் பந்து

வெயிலுமுத்து எறிந்த பந்து முதல் தடவை தாமதமாக வந்தபோது கடம்பங்கோட்டையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊருக்கு எதுதான் நேரத்துக்கு வந்திருக்கிறது, ஆற்றுத் தண்ணீர் வருகிறது என்று தெருத் தெருவாகக் குழாய் பதித்துவிட்டுப் போன பிறகு பல வருஷம் அதில் காற்றுதான் வந்தது, அந்தக் காற்றும் முறை வைத்துத்தான் வந்தது. அப்படி இருக்கையில், ஒரு பையன் கையை விட்டுப் போன பந்து ஒரு செருமல் செருமுகிற நேரம் காணாமல் இருந்துவிட்டு, அப்புறம் எங்கிருந்தோ வந்து எதிரே இருந்தவன் கையில் விழுந்தால் அதைப் போய் யாரிடம் சொல்வது என்று இருந்துவிட்டோம்.

எங்கள் ஊர்க் கல்லூரிக்கு பேஸ்பால் வந்ததே ஒரு கணக்குப் போட்டுத்தான். கிரிக்கெட்டிலும் கபடியிலும் மாவட்டத்தைத் தாண்டுவதற்குள் பையன்களுக்கு முழங்கால் தேய்ந்துவிடும். பேஸ்பால் என்றால் பல்கலைக்கழகப் போட்டிக்கு வருவதே நாலைந்து கல்லூரிகள்தான், ரெண்டு ஆட்டம் ஜெயித்தால் சர்டிபிகேட், சர்டிபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயோ போலீஸோ என்று எங்கள் பி.டி. சார் யோசித்து, அந்த விளையாட்டை அவரே செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டு பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மண்ணைக் கூட்டிய சின்ன மேட்டில் ஒருவன் நின்று எறிவான், அவன் பிட்சர். எதிரே ஒருவன் மட்டையோடு நிற்பான். மட்டைக்காரனுக்குப் பின்னால் முகத்தில் கம்பிக்கூண்டும் கையில் தோசைக்கல் அகலத்துக்குத் தோல் கிளவுஸும் மாட்டிக்கொண்டு ஒருவன் குத்தவைத்திருப்பான், அவன் கேட்சர். எங்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான், இதற்கு மேல் புரிந்துகொள்ள நாங்கள் முயலவும் இல்லை.

வெயிலுமுத்து பிட்சர் ஆனான். மினி பஸ் கண்டக்டர் பலவேசத்துக்கும் பீடி சுற்றுகிற முப்பிடாதிக்கும் ஒரே பிள்ளை. நெட்டையன், பேச்சுக் குறைவு. தெருவில் யார் வீட்டு மாடிக்கு எதை ஏற்ற வேண்டுமென்றாலும் படியேறாமல் கீழே நின்றே எறிந்து போட்டுவிடுகிற கை. கேட்சராக உட்கார்ந்தவன் கோயில் தெரு மிக்கேல். கோயில் தெரு என்றால் மாதா கோயில் தெரு. இவன் எறிவதும் அவன் பிடிப்பதுமாக மூன்று வருஷம் ஓடியது, மற்ற பையன்கள் சும்மா சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள் என்று சொன்னால் அவர்களே மறுக்க மாட்டார்கள்.

கை வேகம் கூடக்கூடப் பந்து வருகிற நேரமும் கூடியது. முதலில் செருமல் நேரம், பிறகு ஒரு தம்ளர் டீ குடிக்கிற நேரம், பிறகு ஒரு பாடவேளை. கையை விட்டதும் பந்து இருக்காது, வானத்தில் தேடினாலும் தரையில் தேடினாலும் இருக்காது. எல்லோரும் வேறு பேச்சில் இருக்கும்போது மேட்டுக்கும் மிக்கேலுக்கும் நடுவில் காற்று விசிலடிக்கும், உடனே மிக்கேலின் கிளவுஸில் வெடிச் சத்தம் கேட்கும், அவன் உள்ளங்கையை உதறிக்கொண்டு எழுந்திருப்பான். வெளியூர் அணிகள் வந்து இதென்ன அநியாயம் என்று குதித்தன. அம்பயர் ஒருவர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, பந்து போய்ச் சேர வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது, எப்போது என்று போடவில்லை என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்து உட்கார்ந்துகொண்டார். மட்டைக்காரன் மட்டையைத் தூக்கியபடி நின்று நின்று தோள் இற்றுப்போவான், தண்ணீர் குடிக்கத் திரும்புவான், அந்த நேரம் பார்த்துப் பந்து வந்து அவன் முதுகுக்குப் பின்னால் வெடிக்கும். அந்த வருஷம் நாங்கள் கோப்பை வாங்கியது உண்மை, எதிரணிக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வாங்கினோம் என்பதும் உண்மை.

அதற்குள் ஊர் தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது. கல்லூரி மைதானத்தில் மேட்டிலிருந்து மிக்கேல் உட்காரும் இடம் வரை நேராக ஒரு கோடு போல நிலம் கிடந்ததே, அதற்குப் பந்துப் பாதை என்று பெயர் வந்தது. வெயிலு எறிவது எப்போதும் சாயங்காலத்தில், ஆகவே பந்து எத்தனை நாள் கழித்து வந்தாலும் சாயங்காலத்தில்தான் வரும் என்பது ஊருக்குப் படிந்த பிறகு, காலையில் அந்தப் பாதையில் மிளகாய் காயப்போட்டவர்கள் வெயில் தாழ்ந்ததும் அள்ளிக்கொண்டார்கள், மாடு பற்றிவருகிறவர்கள் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள், மாப்பிள்ளை அழைப்புக் கார் பாதை ஓரம் நின்று, குறுக்கே போகலாமா என்று மேளக்காரரைவிட்டு மிக்கேலிடம் கேட்டுக்கொண்டது, அம்மன் கொடையில் சப்பரம் தூக்குகிறவர்கள் அந்த இடம் வந்ததும் தோள் மாற்றுகிற சாக்கில் கொஞ்சம் தயங்கினார்கள், கல்லூரி முதல்வர் அங்கே கட்ட நினைத்த தேர்வுக் கூடத்தை, வழியில் பந்து இருக்கிறது என்று எழுதியே தள்ளிவைத்தார். மழை, வெயில், மின்வெட்டு என்று பேசுகிற மாதிரி பந்தையும் பேசினோம். இன்னைக்கு வருமா, வரும், போன மாசம் போட்டதுல்லா, வரும்.

ஆனால் அவனுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்டால் சொல்வதற்கே வருத்தமாக இருக்கிறது. கடைசி வருஷம் மாநில அணிக்கு ஆள் எடுக்கத் தொப்பி போட்ட மூன்று பேர் சென்னையிலிருந்து வந்தார்கள். வெயிலு அன்றைக்கு எறிந்த மாதிரி அதற்கு முன்னால் எறிந்ததில்லை, உடம்பு முழுக்கச் சுருண்டு விரிந்தது, மேட்டு மண் அவன் காலடியில் பிளந்துகொண்டது. பந்து வரவில்லை. அவர்கள் நின்றார்கள், நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார்கள், பி.டி. சார் வாங்கிவந்த முறுக்கைத் தின்றார்கள், வரும் சார் கொஞ்சம் பொறுங்க என்று எல்லோரும் சொன்னோம், இருட்டிய பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்கள். மறுவாரம் அந்தப் பந்து வந்தது. வந்த வேகத்தில் மிக்கேலின் கிளவுஸ் கயிறு அறுந்தது, சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது, கடைகளிலிருந்து வெளியே வந்து எல்லோரும் கைதட்டினோம். வெயிலு மேட்டில் நின்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு கைதட்டியதற்காக எங்களுக்கே வெட்கமாகிவிட்டது.

படிப்பு முடிந்து அவன் பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டப் போனான். அவனுக்குப் பின்னால் பேஸ்பால் ஆட ஆளில்லை, அணியும் கலைந்தது. பந்துப் பையையும் கூண்டையும் கிளவுஸையும் பி.டி. சார் அவர்கள் இருவரிடமே விட்டுவிட்டார். வேலை முடிந்ததும் வெயிலு மைதானத்துக்கு வந்துவிடுவான். பையில் இருக்கிற பந்துகளை ஒவ்வொன்றாக எறிவான், ஒவ்வொன்றும் போய்விடும், என்றைக்கோ எறிந்தது இன்றைக்கு வரும், வந்ததை மறுபடி எறிவான். எதற்குப்பா இன்னும் எறிகிறாய் என்று நாங்கள் கேட்டதில்லை. பலவேசம் மட்டும் ஒரு தடவை கேட்டார். "கை சும்மா இருக்க மாட்டேங்குப்பா" என்றான். அந்தக் காலத்தில் எறிந்த பந்துகள் வந்துசேர அநேகமாக ஒரு வருஷம் எடுத்தது.

அப்படி ஒரு சாயங்காலம் பையைக் காலி செய்துவிட்டுப் போனவன் மறுநாள் விடிகாலை நாலுவழிச் சாலையில், நின்றிருந்த லாரியின் பின்னால் வேனோடு மோதிச் செத்துப்போனான். இருபத்தி நாலு வயசு. அவனை எடுத்துக்கொண்டு போகும்போது கூட்டம் வழக்கப்படி பந்துப் பாதையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. சுற்றிப் போன பிறகுதான், யாருக்காக இப்போது சுற்றுகிறோம் என்று எங்களுக்கு உறைத்தது, தூக்கிக்கொண்டு போனவர்களே நின்று அழுதார்கள்.

பதினாறாம் நாள் காரியம். பலவேசம் ஈரவேட்டியோடு உட்கார்ந்திருக்கிறார், எள்ளும் தண்ணீரும் தயாராக இருக்கிறது. எல்லாமே ஆளாளுக்கு அழுது தாமதமாகிப் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. அப்போது மைதானத்துப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பிடிக்க ஆளில்லாததால் பந்து கல்லூரிச் சுவரில் போய் மோதியிருக்கிறது. மிக்கேல் எழுந்து ஓடினான், சுண்ணாம்பு ஒட்டிய பந்தோடு திரும்பி வந்தான், என்ன செய்வது என்று தெரியாமல் அதை முப்பிடாதியின் மடியில் வைத்தான். அவள் எடுத்துப் பார்த்தாள்.

"சுடுதே," என்றாள். "எய்யா, கைச்சூடுல்லா இது."

நாங்கள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தோம். அடுப்புச் சூடு இல்லை, வெயில் சூடு இல்லை. இப்போதுதான் ஒருவன் இறுகப் பிடித்திருந்து விட்டுப் போன சூடு, வேர்வை ஈரமும் இருந்தது. அவன் இருந்தவரை இப்படித்தான் வந்திருக்கும். பிடித்தவன் கிளவுஸோடு பிடித்தான், எறிந்தவன் எதிரிலேயே நின்றான், ஆகையால் யாரும் கவனித்ததில்லை.

காரியம் செய்துவைக்க வந்திருந்த சொரிமுத்துப் பெரியவர் பந்தைத் தொட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இவன் கையால போட்டது இன்னும் வந்துக்கிட்டுல்லா இருக்கு. பாதி வழியில நிக்க ஆளுக்கு, நீ போயிட்டேன்னு எப்படிப்பா எள்ளுந் தண்ணியும் விடுறது? அவனுக்குச் சேராதே. எல்லாம் வந்து சேரட்டும், அப்புறம் வச்சுக்கிடுவோம்."

எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இலையைச் சுருட்டினார்கள், சமைத்ததைத் தெருவுக்குப் பங்கு போட்டார்கள், கொஞ்ச நாளில் முடிந்துவிடும் என்று பேசிக்கொண்டே போனோம். அந்தக் கொஞ்ச நாள் ஒரு வீட்டை ரெண்டாகப் பிளக்கப் போகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து முப்பிடாதி சாயங்காலமானால் பீடிச் சுளகைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டாள். மகன் விளையாடி அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை, அந்த நேரத்தில்தான் பீடிக்கட்டுகளைக் கொண்டுபோய்க் கடையில் கொடுக்க வேண்டும். இப்போது அந்த வேலையைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, மிக்கேலுக்குக் கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்து சுளகை மடியில் வைத்து இலையைச் சுருட்டிக்கொண்டிருப்பாள். காற்று விசிலடிக்கும். மிக்கேல் பிடிப்பான், பிடித்த கையோடு ஓடிவந்து அவளிடம் கொடுப்பான். அவள் அதை ரெண்டு கையாலும் பொத்திக்கொள்வாள், கன்னத்தில் வைத்துக்கொள்வாள், முகர்ந்து பார்ப்பாள்.

"மிக்கேலு, இங்க வா, மோந்து பாரு. கருவாடு. அன்னைக்கு மத்தியானம் சோறு வேண்டாம் வேண்டாம்னுட்டுப் போனான், ராத்திரிக்கு வருவான்னு எடுத்து வச்சேன். சாயங்காலமே வீட்டுக்கு வந்து தின்னுட்டுத்தான் இங்க வந்திருக்கான் கள்ளன். கையைக்கூடக் கழுவல பாரு."

இன்னொன்றில் தேங்காயெண்ணெய் வாசம் இருந்தது, இன்னொன்றில் பெட்ரோல். ஒன்று வழக்கத்துக்கு மேல் சுட்டது, காய்ச்சலோடு வந்து எறிந்திருக்கிறான் என்றாள், காய்ச்சல் என்று என்னிடம் சொல்லவே இல்லையே என்று அன்றைக்கு வீடு போகிற வரைக்கும் அழுதாள். அவள் கையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பந்து ஆறிப்போகும். ஆறிய பிறகு அதை அவள் வைத்துக்கொள்ள மாட்டாள், மிக்கேலிடம் கொடுத்துவிடுவாள், அவன் பையில் போடுவான். பையின் பக்கம் மட்டும் அவள் திரும்புவதில்லை. மொத்தப் பந்தும் அந்த ஒரு பைதான், பை நிறைந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று அர்த்தம், அது அவளுக்கும் தெரியும்.

ஊர் அவளையும் ஏற்றுக்கொண்டது. டீக்கடைக்காரர் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார், அவள் அதில் சுளகை வைத்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த வேறு பெண்களும் சில சமயம் வந்து, ஒரு தடவை தொட்டுக்கிடவா அக்கா என்று கேட்டார்கள். கொடுத்தாள். ஆனால் சீக்கிரம் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

பலவேசம் மைதானத்துக்கு வரவில்லை. அவருடைய மினி பஸ் ஒரு நாளைக்குப் பல தடவை மைதானச் சுவரை ஒட்டித்தான் போகும், அந்த இடம் வரும்போது அவர் டிக்கெட் கிழிக்கிற சாக்கில் மறுபக்கம் திரும்பிக்கொள்வார். வந்த பந்து ஒன்றைக்கூட அவர் தொட்டதில்லை. அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது, பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்து அனுப்பிவிட வேண்டும். இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல், படியில் தொங்கிக்கொண்டு வருகிற பயணி மாதிரி அவன் எங்கேயோ நடுவழியில் நிற்கிறான் என்ற நினைப்பு அவரைத் தூங்கவிடவில்லை. அவளுக்கோ அவன் நடுவழியில் நிற்பதுதான் வேண்டியிருந்தது.

ஒரு நாள் அது தெருவுக்கே கேட்கிற சண்டையாக வெடித்தது.

"ஏளா, பெத்த பிள்ளையை வழியிலயே நிறுத்தி வச்சிருக்கியே, உனக்கு நெஞ்சு பதறலையா?"

"நிக்கட்டும். எம்பிள்ளை நின்னா உங்களுக்கு என்ன? பஸ்ஸுல இருந்து எறக்கிவிடுத மாதிரி எறக்கிவிடப் பாக்கீங்க."

"அவன் போய்ச் சேரணும்ளா."

"எங்க போய்ச் சேரணும்? இங்கதான வந்துக்கிட்டிருக்கான்."

அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைப்பாள், அவர் எடுத்துச் சாப்பிடுவார். யார் பக்கம் பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவரைப் பார்த்தால் அவர் சொல்வது சரி, அவளைப் பார்த்தால் அவள் சொல்வது சரி, ஆகவே ரெண்டு பேரையும் சேர்ந்தாற்போலப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

நடுவில் மாட்டிக்கொண்டவன் மிக்கேல். அந்த சர்டிபிகேட் அவனுக்கு வேலை செய்தது, ரயில்வேயில் கூப்பிட்டிருந்தார்கள். அவன் அம்மா, ஊரான் வீட்டுப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு கிடக்கிறான் என்று மாதா கோயில் வாசலில் நின்று திட்டினாள். சேருவதற்கு மூன்று தடவை தவணை வாங்கினான். சாயங்காலம் மழை பெய்தாலும் கூண்டை மாட்டிக்கொண்டு குத்தவைத்திருந்தான். பலவேசம் ஒரு நாள் அவனைப் பஸ்ஸில் பார்த்து, டிக்கெட் கொடுக்காமல் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பா, பிடிக்கதைப் பிடிச்சு சீக்கிரம் முடிச்சு விடுப்பா." சீக்கிரம் பிடிப்பதோ மெதுவாகப் பிடிப்பதோ தன் கையில் இல்லை என்று அவன் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினான்.

வருஷம் திரும்பியது. பையில் ஒரு பந்துக்குத்தான் இடம் பாக்கி.

அந்தக் கடைசிப் பந்தைப் பற்றி மிக்கேலுக்கு ஒன்றுமே தெரியாது. மற்ற எல்லாப் பந்தும் இவன் விரலால் சாடை காட்டிக் கேட்டு வெயிலு எறிந்தது, இன்ன வேகம், இன்ன உயரம் என்று இவன் உள்ளங்கைக்கு நினைவிருந்தது. அந்தக் கடைசிச் சாயங்காலம் மிக்கேல் பாதியில் எழுந்து போய்விட்டான், யாரோ சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பையில் ஒரே ஒரு பந்து மீதி இருந்தது, நீ போடா, நான் இதைப் போட்டுட்டுப் போயிடுதேன் என்று வெயிலு சொன்னான். பிடிக்க ஆளில்லாத இடத்தை நோக்கி அவன் எப்படி எறிந்தான் என்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. உயிரோடு இருந்த கடைசி நாள், கையில் இருந்த முழுப் பலத்தையும் அதில்தான் வைத்திருப்பான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. சென்னைக்காரர்கள் பார்க்காமல் போன பந்தைவிடப் பெரிய பந்து அது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

"அதை நான் பிடிக்கேன்," என்றாள் முப்பிடாதி.

"யம்மா, கை முறிஞ்சிரும்," என்றான் மிக்கேல்.

"முறியட்டும். இத்தனையையும் நீ பிடிச்சு, உன் கிளவுசுக்குப் பாதிச் சூட்டைக் குடுத்துட்டுத்தான எனக்குத் தந்த. இது எனக்கு முழுசா வேணும்."

அப்புறம் நாங்கள் பார்த்த காட்சி மற்ற ஊர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். முந்தானையை இழுத்துச் செருகி, நெஞ்சுக்குத் திண்டு கட்டி, முகத்தில் கம்பிக்கூண்டு மாட்டி, ஐம்பது வயசுப் பெண் குத்தவைத்திருக்க, மிக்கேல் மேட்டில் நின்று எறிந்து எறிந்து பழக்கினான். முதலில் ரப்பர் பந்து, பிறகு மெதுவாக, பிறகு வேகமாக. முழங்கையில் வீங்கியது, நெற்றியில் பட்டுக் கூண்டு நெளிந்தது. பி.டி. சார் வந்து நின்று, கண்ணை மூடாதீங்கம்மா, கையை விறைப்பா வச்சுக்கோங்க, வேகத்துக்குப் பயந்து பின்னால சாயாதீங்க என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு மாதத்தில் அவள் மிக்கேலின் முழு வேகத்தையும் வாங்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். பீடி சுற்ற விரல் மடங்கவில்லை, அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

பை நிறையப்போகிறது என்று கேள்விப்பட்டுப் பலவேசமும் மைதானத்துக்கு வரத் தொடங்கினார். உள்ளே வரமாட்டார். ட்ரிப் முடிந்ததும் காக்கிச் சட்டையோடு, கழுத்தில் விசிலோடு கேட்டுக்கு வெளியே நிற்பார். சொரிமுத்துப் பெரியவரிடம் நாள் கேட்டு வைத்திருந்தார். முடிகிற அன்றைக்கு மறுநாளே காரியம் என்று ஏற்பாடு.

அது வந்த அன்றைக்குக் காற்று விசிலடிக்கவே இல்லை. முப்பிடாதி பல்லைக் கடித்துக்கொண்டு, கையை விறைத்து, உடம்பை முன்னால் தள்ளி, பி.டி. சார் சொன்ன மாதிரியே இருந்தாள். மேட்டுப் பக்கம் ஆகாயத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எங்களில் பலர் முதலில் அதைக் கொக்கு என்று நினைத்தோம். பந்துதான். அவன் எறிந்த பந்து பறந்து வருவதை ஊர் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். மெதுவாக, மேலே எழும்பி, வளைந்து, அலுத்துப்போனவன் நாள் முடிந்து வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கையில் இருந்ததைச் சும்மா தூக்கிப் போட்டது போல வந்தது. பலமும் இல்லை, குறியும் இல்லை. வேகமாகப் போட்டதுதான் தாமதமாக வரும் என்ற எங்கள் கணக்கு அன்றைக்குப் பொய்த்தது. சின்னப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். இடியைத் தாங்கத் தயாராக விறைத்திருந்த அவளுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. கிளவுஸ் அவள் நெஞ்சுக்கு நேரே இருந்தது, பந்து ஒரு முழம் முன்னால் மண்ணில் விழுந்து, ஒரு தடவை துள்ளி, உருண்டு வந்து அவள் கால் பெருவிரலில் பட்டு நின்றது.

அவள் கூண்டைக் கழற்றி எறிந்தாள், கிளவுஸைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினாள், மண்ணோடு அதை எடுத்துப் பொத்திக்கொண்டாள். கன்னத்தில் வைக்கவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை. முந்தானையால் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். விறுவிறுவென்று கேட்டை நோக்கி நடந்தாள், பந்துப் பாதையின் நடுவிலேயே நடந்தாள், நாங்கள் தடுக்கவில்லை. பலவேசத்தின் முன்னால் போய் நின்று முந்தானையைப் பிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவரிடம் பேசினாள்.

"தொட்டுப் பாருங்க. ஆறிரப் போவுது."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்து, விரித்து, உள்ளே வைத்தாள்.

பலவேசம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூடிய விரலுக்கு மேல் அவளும் தன் கையை வைத்துக்கொண்டாள். அவர் முகம் என்னவாகிறது என்று பார்க்க முடியாமல் நாங்கள் தரையைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் கையை எடுத்துவிட்டாள்.

"ஆறிட்டு," என்றாள். "நாளைக்கே வச்சுக்கிடுங்க. ஆளுகளுக்குச் சொல்லி விட்ருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பந்தை வைத்திருந்த கையோடு மைதானத்துக்குள் வந்தார், முதல் தடவையாக வந்தார், பந்துப் பையைக் கட்டிக்கொண்டிருந்த மிக்கேலிடம் போனார்.

"எப்பா மிக்கேலு. நல்லா யோசிச்சுப் பாரு. இன்னும் ஒண்ணு போட்டிருப்பாம்லா?"

மிக்கேல் பையைப் பார்த்தான். பலவேசத்தின் கையில் இருப்பதைப் போட்டால் பை நிறைந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். ரயில்வேக்காரர்கள் கொடுத்த கடைசித் தவணை அந்த வாரத்தோடு முடிகிறது.

"போட்டிருப்பான்பா," என்றான். "நான்தான் கடைசியில இல்லையே. போட்டிருப்பான்."

நெளிந்த கூண்டை மண்ணிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் பழைய இடத்தில் போய்க் குத்தவைத்தான். முப்பிடாதி மணலில் உட்கார்ந்து சுளகை மடியில் எடுத்தாள். பலவேசம் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்து, டீக்கடைக்காரர் போட்ட நாற்காலியைத் தள்ளிவிட்டு, தன் பக்கத்தில் அவருக்கு இடம் விட்டாள்.